ஆறு ஆண்டு நின்றிருந்த மாருதியைக் கிளப்பிய கதை

முதலில் நான் செய்த தவற்றைச் சொல்லிவிடுகிறேன். அப்பாவின் 1994ஆம் ஆண்டு மாருதி 800, 2017 ஐப்பசி மழையின்போது மயிலாடுதுறைக்குப் பக்கத்தில் எங்கள் வீட்டுக் கொட்டகைக்குள் போய் நின்றது. அடுத்த மாதம் அவர் காலமானார். நான் சென்னையில் வேலையில் இருந்தபடியால், தீபாவளிக்கும் பொங்கலுக்கும் ஊருக்குப் போகும்போதெல்லாம் அதன் மேல் கிடந்த தார்ப்பாயைத் தூக்கிப் பார்ப்பதும், அடுத்த முறை பார்த்துக்கொள்ளலாம் என்று திரும்ப மூடுவதுமாகவே காலம் போயிற்று. 2024 பொங்கலின்போதுதான் ஒரு வேகம் வந்தது. எதிர்வீட்டுக் காரைக் கொட்டகை வாசலில் கொண்டுவந்து நிறுத்தச் சொல்லி, இரண்டு பேட்டரிகளையும் கேபிளால் இணைத்து, பெட்ரோல் கூடுதலாகப் போகும்படி சோக்கை முழுவதும் இழுத்துவிட்டுச் சாவியைத் திருப்பினேன். பத்து நிமிடம் விட்டு விட்டுச் செல்ஃப் (எஞ்சினைச் சுழற்றிவிடும் மோட்டார்) அடித்ததில் எஞ்சின் ஒருமுறை இருமிக்கொண்டு நாலைந்து நொடி ஓடியது; வாசலில் நின்ற பிள்ளைகள் கை தட்டினார்கள்; அதோடு நின்றுபோனது. பிறகு எத்தனை முறை அடித்தும் பயனில்லை.

மறுநாள் வந்து பார்த்த மெக்கானிக் பாய், அப்பா காலத்திலிருந்தே இந்த வண்டியைக் கவனித்தவர். நடந்ததையெல்லாம் கேட்டுவிட்டு, “தம்பி, ஆறு வருஷத்துல இது கெட்டதைவிட நீங்க பத்து நிமிஷத்துல கெடுத்ததுதான் ஜாஸ்தி” என்றார். எனக்குக் கோபம்தான் வந்தது. அடுத்த நான்கு மாதம், விடுமுறை கிடைத்த வார இறுதிகளிலெல்லாம் அவரோடு உட்கார்ந்து வண்டியைப் பகுதி பகுதியாகப் பிரித்துப் பார்த்த பிறகுதான், அவர் சொன்னதில் மிகை அதிகமில்லை என்று புரிந்தது. நெடுநாள் நின்ற எஞ்சினில் ஆயில் முழுவதும் வடிந்து அடியிலுள்ள சம்ப்பில் தங்கிவிடும். பிஸ்டன் ரிங்குகளும் சிலிண்டர் சுவரும் வறண்டு, ஈரம் ஏறிய இடங்களில் மெல்லிய துருவும் படிந்திருக்கும். அந்த நிலையில் செல்ஃப் அடித்தால் இரும்போடு இரும்பு உரசும். அதே சமயம், டேங்கின் அடியில் அசையாமல் கிடந்த கசடு பம்ப் வழியாக ஏறி, பெட்ரோலைக் காற்றோடு கலந்து எஞ்சினுக்கு அனுப்பும் கார்புரேட்டரின் ஊசிமுனை அளவே உள்ள ஜெட் துளைகளை அடைத்துக்கொள்ளும். பிள்ளைகள் கை தட்டிய அந்த நாலைந்து நொடிக்குள் நடந்தது இதுதான்.

பாய் முதலில் திறந்தது ஏர் ஃபில்டர் மூடியை. உள்ளே, ஃபில்டரின் காகித மடிப்புகளைக் குதறி எடுத்து, அதோடு நெல் உமியும் தென்னை நாரும் பழைய துண்டின் நூலும் சேர்த்து எலி கட்டிய கூடு, அச்சில் வார்த்ததுபோல அந்த டப்பாவை நிறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. நடுவில் குஞ்சுகள் படுத்த இடம் கிண்ணம்போல வழவழப்பாகக் குழிந்திருந்தது. அந்தக் குழியின் ஓரத்திலிருந்து கார்புரேட்டரின் வாயை நோக்கி உமி ஒரு கோடாகப் போயிருந்தது. நான் செல்ஃப் அடித்தபோது எஞ்சின் இழுத்துக்கொண்ட உமி அது. வெறுங்கையால் அள்ளப் போன என்னைப் பாய் தடுத்துவிட்டார். எலியின் சிறுநீர் பட்ட பொருளைக் கீறல் உள்ள கையால் தொட்டால் எலிக்காய்ச்சல் வரக்கூடும். காய்ந்த கூட்டைக் கிளறினால் அந்தத் தூசி மூச்சோடு உள்ளே போகும். கையுறையும் முகக்கவசமும் போட்டுக்கொண்டு, பிளீச்சிங் பவுடர் கரைத்த தண்ணீரைத் தெளித்து நன்றாக ஊறவிட்ட பிறகே அதை எடுத்துப் பையில் கட்டினோம். வயல்களுக்கு நடுவே வீடு வைத்திருப்பவர்கள், வண்டியில் வேறு எதையும் தொடும் முன் இந்த ஒரு மூடியைத் திறந்து பார்த்துவிட வேண்டும். சைலன்சர் குழாயின் வாயைக் குளவி மண் வைத்து அடைத்திருந்தது. அதைக் கம்பியால் குத்தி எடுக்க இரண்டு நிமிடம் ஆயிற்று.

எலி காகிதத்தோடு நிற்கவில்லை. டார்ச் அடித்து வயரிங் முழுவதையும் விரலால் தடவிக்கொண்டே போனதில், டேஷ்போர்டுக்குக் கீழே ஓரிடத்திலும் பேட்டரிக்குப் பக்கத்தில் இரண்டு இடங்களிலும் மேலுறை போய்ச் செம்பு பளபளத்தது. கேபிள் போட்ட அன்று அந்தக் கம்பி பாடியில் உரசாமல் இருந்தது என் நல்ல காலம். கடிபட்ட இடங்களை வெட்டி, புதிய வயரைச் சால்டர் வைத்து ஒட்டி, சுருங்கும் உறை போட்டு மூடிய பிறகுதான் பேட்டரியைப் பற்றிய பேச்சையே பாய் எடுத்தார். பழைய பேட்டரியில் மீட்டர் வைத்தபோது 3 வோல்ட்கூடக் காட்டவில்லை. நல்ல நிலையிலுள்ள 12 வோல்ட் பேட்டரி முழு சார்ஜில் 12.6 வோல்ட் காட்டும். சார்ஜ் இறங்கிய நிலையில் மாதக்கணக்கில் கிடந்தால் தகடுகளில் ஈய சல்ஃபேட் கெட்டிப்பட்டுவிடும். ஆறு ஆண்டு கிடந்ததைச் சார்ஜ் ஏற்றிப் பிழைக்க வைக்கப் பார்ப்பது வீண். பழையதை எடைக்குப் போட்டுவிட்டுப் புதியது வாங்கினோம். ஆனாலும் அதைப் பல வாரம் வண்டியில் மாட்டவில்லை. மாட்டினால் நான் மறுபடி சாவியைத் திருப்பிவிடுவேன் என்று பாய் நினைத்திருக்கலாம். அந்தச் சந்தேகம் நியாயமானதுதான்.

எஞ்சினைத் தொடும் முன் பிரேக்கை முடிக்க வேண்டும் என்பது அவருடைய பிடிவாதம். வண்டி ஓடத் தொடங்கிவிட்டால் எல்லோருக்கும் ஒரு சுற்று ஓட்டிப் பார்க்கும் ஆசை வந்துவிடும், அப்போது பிரேக்கை யாரும் நினைக்க மாட்டார்கள் என்றார். மாருதி 800இல் முன்னால் டிஸ்க், பின்னால் ட்ரம். அப்பா வழக்கம்போல ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிட்டு நிறுத்தியிருந்ததால், பின் சக்கரம் இரண்டிலும் ட்ரம்மை உரசி நிறுத்தும் லைனர் அதோடு ஒட்டிப்போயிருந்தது. துரு நீக்கும் எண்ணெயை ஓர் இரவு ஊறவிட்டு, ட்ரம்மைச் சுற்றிலும் மரச் சுத்தியலால் தட்டி, ட்ரம்மின் முகத்திலுள்ள இரண்டு துளைகளிலும் போல்ட்டைப் போட்டு மாற்றி மாற்றி முறுக்கியபோது, ஒரு ‘டக்’கென்ற சத்தத்தோடு அது விட்டது. உள்ளே படிந்திருக்கும் தூசியை வாயால் ஊதவோ காற்றுக் குழாயால் அடிக்கவோ கூடாது. பழைய லைனர்களில் கல்நார் கலந்திருக்கலாம் என்பதால் ஈரத் துணியால்தான் துடைக்க வேண்டும். வீல் சிலிண்டரின் ரப்பரை விலக்கினால் பழுப்பு நிறச் சேறு. பிரேக் ஆயில் காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சும் தன்மையுடையது. டாட் 3 வகை ஆயில் புதிதாக இருக்கும்போது அதன் கொதிநிலை குறைந்தது 205 டிகிரி செல்சியஸ்; ஈரம் ஏறிய பின் 140 டிகிரியாகவே குறைந்துவிடலாம். உறிஞ்சிய அந்த ஈரமே உள்ளிருந்து சிலிண்டரையும் துருப்பிடிக்கச் செய்கிறது. இரண்டு வீல் சிலிண்டர், மாஸ்டர் சிலிண்டரின் ரப்பர் கிட், முன் சக்கரத்து ஹோஸ், நான்கு லைனர் ஆகியவற்றை மாற்றி, புதிய ஆயில் ஊற்றி, பெடல் கல்லைப்போல நிற்கும்வரை குழாய்களிலிருந்த காற்றை எடுத்தோம். செலவு கூடிய வேலைகளில் இது ஒன்று. இதில் ஒரு ரூபாய்கூட மிச்சம் பிடிக்க நான் சொல்ல மாட்டேன்.

பிறகு எஞ்சின். இந்த வண்டியில் 796 சிசி அளவுள்ள மூன்று சிலிண்டர் எஞ்சின்தான் என்பதால் வேலை கைக்கு அடக்கமாக இருந்தது. பெட்ரோலைப் பற்றவைக்கும் பிளக் மூன்றையும் கழற்றி, ஒவ்வொரு துளை வழியாகவும் ஒரு தேக்கரண்டி அளவு எஞ்சின் ஆயிலை விட்டு, பழந்துணியால் மூடி இரண்டு நாள் அப்படியே விட்டுவிட்டோம். மூன்றாம் நாள் ஒரு முன் சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி, வண்டியை நான்காம் கியரில் போட்டு, அந்தச் சக்கரத்தைக் கையால் முன்னோக்கி மெல்ல உருட்டினோம். முதல் கால் சுற்றுக்குக் கனமாக வந்தது. பிறகு எங்கும் பிடிக்காமல் சுற்றியது. எங்காவது இறுகினால் பலம் கொடுக்காமல் மறுபடி ஆயில் விட்டுக் காத்திருப்பதே முறை. அங்கே பலம் கொடுத்தால் ரிங் முறியும். பழைய ஆயிலை வடித்தபோது முதலில் இரண்டு மூன்று சொட்டுத் தண்ணீரும் பின்பு தாரைப்போலக் கறுத்த ஆயிலும் வந்தன. புதிய ஃபில்டரும் 20டபிள்யூ-40 ஆயிலும் போட்டு, பிளக் இல்லாமலே, பொறி வராதபடி காயில் வயரைக் கழற்றிவைத்துவிட்டு, பத்து நொடி அடித்து ஒரு நிமிடம் விட்டு என்று செல்ஃப் அடித்தோம். நான்காவது முறையில் ஆயில் விளக்கு அணைந்தது. ஆயில் மேலே ஏறிவிட்டது என்பதற்கு அதுதான் அடையாளம். பிளக் இல்லாதபோது எஞ்சின் இலகுவாகச் சுற்றுவதால் பேட்டரிக்கும் செல்ஃபுக்கும் பாரம் குறைவு. எஞ்சின் வால்வுகளை இயக்கும் டைமிங் பெல்ட்டின் பல்லடியில் வெடிப்பு தெரிந்தது. அறுந்தால் நடுவழியில் நிற்க வேண்டியதுதான் என்பதால், பார்க்க எப்படி இருந்தாலும் வயதைக் கணக்கில் கொண்டு மாற்ற வேண்டிய பொருள் இது.

எரிபொருள் பக்கம்தான் எங்களை அதிக நாள் இழுத்தடித்தது. டேங்கைக் கீழே இறக்கிச் சாய்த்தபோது வந்த திரவத்தில் பெட்ரோல் வாடையே இல்லை. கடுங்காப்பி நிறத்தில், பழைய வார்னிஷ் டப்பாவைத் திறந்ததுபோல ஒரு நாற்றம். பெட்ரோலில் எளிதில் ஆவியாகும் பகுதி போய்விட்டால் எஞ்சியது பிசினாகத் திரண்டுவிடும். டேங்குக்குள் ஒரு கை அளவு சிறு நட்டுகளையும் கொஞ்சம் டீசலையும் போட்டு ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்துக் குலுக்கி, துருவை உதிர்த்து, பலமுறை அலசி வெயிலில் காயவைத்தோம். காலி டேங்க் நிறைந்த டேங்கைவிட ஆபத்தானது. உள்ளே தங்கியிருக்கும் ஆவிக்கு ஒரு பொறி போதும். ஓட்டை இருந்தால்கூட வெல்டிங் பக்கம் கொண்டுபோகாமல் அதற்கென்று உள்ளவர்களிடம் கொடுத்துவிட வேண்டும். கார்புரேட்டரைப் பிரித்தபோது ஃப்ளோட் அறையின் அடியில் பச்சையும் வெள்ளையுமாகப் பொடி படிந்திருந்தது. ஜெட் துளைகளைக் கம்பியால் குத்தினால் துளையின் அளவு மாறிவிடும் என்று கிளீனர் ஸ்ப்ரேயும் காற்றும் மட்டுமே பயன்படுத்தினார் பாய். கேஸ்கெட்டும் டயாஃப்ரமும் அடங்கிய கிட் ஊரில் கிடைக்கவில்லை, சென்னை ஜி.பி. ரோட்டில் நான்கு கடை ஏறி இறங்கி வாங்கினேன். அதில் இல்லாத ஒரு சின்ன லிவரைப் புதுப்பேட்டையில் பழைய சாமானுக்குள் கையை விட்டுத் தேடி எடுத்தேன்.

கிளப்பிப் பார்த்த நாளில் டேங்கையும் பம்ப்பையும் பாய் சேர்க்கவேயில்லை. குளுக்கோஸ் ஏற்றும் குழாயொன்றைக் கொண்டுவந்து, கால் லிட்டர் பெட்ரோல் ஊற்றிய பாட்டிலைப் பானெட்டின் கொக்கியில் தொங்கவிட்டு, அங்கிருந்து நேராகக் கார்புரேட்டருக்கு இறக்கினார். பார்த்தால் ஆஸ்பத்திரி வார்டு போலிருந்தது. இதனால் பெரிய வசதி என்னவென்றால், எஞ்சின் ஓடவில்லை என்றால் குற்றம் டேங்கிலோ பம்ப்பிலோ இல்லை என்று உறுதியாகிவிடும். தேட வேண்டிய இடம் பாதியாகச் சுருங்கும். பக்கத்தில் தீயணைப்பானும் ஒரு வாளி மணலும் இருந்தன. முதலில் ஓடவில்லை. பிளக்கில் பொறி வரவில்லை என்று பார்த்து, பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பிரித்தனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியைத் திறந்தால், உள்ளே மின்சாரத்தை விட்டுவிட்டு இணைக்கும் பாயிண்ட்டின் இரு முனைகளிலும் சாம்பல் பூத்திருந்தது. மெல்லிய உப்புத்தாளால் இரண்டு இழுப்பு, இடைவெளியைச் சரிசெய்தல், மறுபடி சாவி. அரைச் சுற்றில் பிடித்துக்கொண்டது. வெண்புகை கொட்டகையை நிறைத்தது. சிலிண்டரில் விட்ட ஆயில் எரியும் புகைதான் அது, பத்து நிமிடத்தில் தெளிந்தது. ஓடும்போது பேட்டரி முனையில் 14 வோல்ட் காட்டியதால், பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் ஆல்டர்னேட்டரும் தப்பித்தது என்று தெரிந்தது.

கியர்தான் விழவில்லை. ஈரத்தில் கிளட்ச் பிளேட், எஞ்சினோடு சுழலும் ஃப்ளைவீலோடு ஒட்டிக்கொண்டிருந்தது. கியர் பாக்ஸை இறக்கும் முன் ஒரு முயற்சி என்று, பின் சக்கரங்களுக்கு இரு பக்கமும் கட்டை கொடுத்து, முன் சக்கரங்களை உறுதியான ஸ்டாண்டுகளில் தூக்கி நிறுத்தி, எஞ்சினைச் சூடாக்கி அணைத்தோம். மூன்றாம் கியரில் போட்டுக் கிளட்சை முழுவதும் மிதித்தபடி செல்ஃப் அடித்ததும், முன் சக்கரங்கள் காற்றில் சுழலத் தொடங்கின. அப்போது பிரேக்கைச் சட்டென்று மிதிக்க வேண்டும். மூன்றாவது மிதிப்பில் பிளேட் விட்டது. பிரேக்கை முதலில் முடிக்காமல் இருந்திருந்தால் இந்த வழியே எங்களுக்குக் கிடைத்திருக்காது. வண்டிக்கு முன்னால் யாரையும் நிற்கவிடாமல்தான் இதைச் செய்ய வேண்டும்.

ரேடியேட்டரில் அப்பா குழாய்த் தண்ணீரையே ஊற்றி வந்ததால் துருத் தண்ணீர்தான் வந்தது. அலசி, ஹோஸ்களையும் தெர்மோஸ்டாட்டையும் மாற்றி, கூலன்ட் கலந்து ஊற்றினோம். டயர்களைப் பற்றி யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. பக்கவாட்டில் பொறித்திருக்கும் நான்கு இலக்கத்தில் முதல் இரண்டு வாரத்தையும் அடுத்த இரண்டு ஆண்டையும் குறிக்கும். எங்களுடையதில் 2313, அதாவது 2013இன் 23ஆவது வாரம். பட்டைகள் தேயாமல் புதிதுபோலத்தான் இருந்தன, ஆனால் பக்கச் சுவரில் வெடிப்பு. 12 அங்குல டயர் ஐந்தும் புதிதாக வாங்கினேன்.

காகித வேலையை இவற்றோடு சேர்த்தே தொடங்கியிருக்க வேண்டும்; நான் வண்டி ஓடிய பிறகு தொடங்கியதால் இரண்டு மாதம் கொட்டகைக்குள்ளேயே நிறுத்த வேண்டியதாயிற்று. பதினைந்து ஆண்டு தாண்டிய வண்டியை உடைக்கத்தான் வேண்டும் என்று ஊரில் பலர் சொன்னார்கள். அது தில்லி வட்டாரத்துக்கான கட்டுப்பாடு. இங்கே சொந்த உபயோகத்துக்கான காரைப் பரிசோதனைக்குக் காட்டி, ஐந்தைந்து ஆண்டாகப் பதிவைப் புதுப்பித்துக்கொள்ளலாம். உரிமையாளர் இறந்துவிட்டால் மூன்று மாதத்துக்குள் படிவம் 31 கொடுத்துப் பெயர் மாற்ற விண்ணப்பிக்க வேண்டும் என்பதை நாங்கள் யாருமே கவனிக்கவில்லை. வாரிசுச் சான்றிதழ் வாங்கி, அம்மா பெயருக்கு மாற்றி, காப்பீடு, பதிவுப் புதுப்பித்தல், புகைச் சான்று என்று ஒவ்வொன்றாக முடித்தோம். கார்களுக்கான புதுப்பித்தல் கட்டணம் 2022 ஏப்ரலில் ரூ.600இலிருந்து ரூ.5,000 ஆகியிருந்தது, 2025 ஆகஸ்டில் 20 ஆண்டுக்கு மேற்பட்ட கார்களுக்கு ரூ.10,000 ஆக்கிவிட்டார்கள். காகிதச் செலவை விட்டு, வண்டிக்கு மட்டும் நான் செலவழித்தது ரூ.43,000. விற்றால் அதில் பாதிகூடக் கிடைக்காது. கணக்குப் பார்த்துச் செய்யும் வேலையல்ல இது என்பதைத் தொடங்கும் முன்பே ஒப்புக்கொண்டுவிடுவது நல்லது.

இவ்வளவு செய்தும் ஒன்றைத் தவறவிட்டோம். டேங்கிலிருந்து வரும் ரப்பர் பைப்புகளையெல்லாம் மாற்றியபோது, பம்ப்புக்கும் கார்புரேட்டருக்கும் நடுவில் இருந்த ஒரு சாண் துண்டு பார்க்க நன்றாக இருந்ததால் அதை மட்டும் விட்டுவிட்டோம். மூன்று மாதம் கழித்துச் சீர்காழி போகும் வழியில் பெட்ரோல் வாடை வர, நிறுத்திப் பானெட்டைத் தூக்கினால், அந்தத் துண்டு மாவுபோல ஊறிப் பருத்து, கிளிப் ஓரத்தில் சொட்டிக்கொண்டிருந்தது. கையெட்டும் தூரத்தில் சூடான சைலன்சர் மேனிஃபோல்டு. இப்போது பங்க்குகளில் வரும் பெட்ரோலில் 20 விழுக்காடு வரை எத்தனால் கலக்கிறார்கள். அந்தக் காலத்து ரப்பர் இதைக் கருதிச் செய்யப்பட்டதல்ல. எத்தனாலைத் தாங்கும் ஃப்ளூரோ ரப்பர் உட்பூச்சுள்ள பைப்பைக் கேட்டு வாங்கி மாற்றிய பிறகு சொட்டு நின்றது. எத்தனால் ஈரத்தை இழுப்பதால், டேங்கில் பெட்ரோலை மாதக்கணக்கில் வைத்திருப்பதும் முன்னைவிடத் தொல்லை.

புதிய ஆயிலை 500 கிலோமீட்டரிலேயே மறுபடி மாற்றினோம்; உள்ளே படிந்திருந்த அழுக்கெல்லாம் அதில் கரைந்து வந்திருந்தது. இப்போது நான் ஊருக்குப் போகாத நாட்களில் தம்பி பதினைந்து நாளுக்கு ஒருமுறை அரை மணி நேரம் ஓட்டுகிறான். கொட்டகைக்குள்ளேயே ஐந்து நிமிடம் உறும விட்டு அணைப்பதைப் பாய் அனுமதிப்பதில்லை; எஞ்சின் முழுச் சூடு ஏறாமல் அணைத்தால் எரிந்ததில் உண்டாகும் ஈரம் ஆயிலிலும் சைலன்சரிலும் தங்கிவிடும். நிறுத்தும்போது ஹேண்ட் பிரேக்குக்குப் பதில் முதல் கியரும் சக்கரத்துக்குக் கட்டையும். ஊரில் யாரும் இல்லாத வாரங்களில் பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றிவிடுகிறோம். ஏர் ஃபில்டரின் மூக்குக்குக் கம்பி வலை போட்டாயிற்று. டிரைவர் பக்கத்துக் கண்ணாடி மட்டும் இன்னும் பாதியில்தான் நிற்கிறது. அதன் ரெகுலேட்டர் புதுப்பேட்டையில் இரண்டு முறை கிடைத்தது, இரண்டுமே இடது பக்கத்துக்கானவை.